முதல் தண்ணீர்

காலை ஆறே முக்காலுக்குக் கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயிலைப் பிடித்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸில் எட்டு மணி வேலைக்குத் தடுமாறாமல் போய்விடலாம். பெண்களுக்கென்று தனிப் பெட்டி 2010இல் வந்தது. அதிலிருந்து எங்கள் ஐந்தாறு பேருக்கு அந்தப் பெட்டிதான் இரண்டாவது அடுப்பங்கரை. பாடாங் ஜாவா தாண்டுவதற்குள் "இன்னிக்கு என்ன கட்டிக்கிட்டு வந்தே?" என்று ஆரம்பித்துவிடும். பத்து தீகா வரும்போது யாராவது ஒருவர் தேங்காய் விலையைத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் எங்களில் இளையவள், வீட்டில் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கேட்டாள்: "மனசு சரியில்லாத அன்னிக்கு நீங்கள்லாம் என்ன சாப்பிடுவீங்க?"

வேடிக்கை என்னவென்றால் ஒருவர்கூட பிரியாணி என்று சொல்லவில்லை. நாங்கள் இறங்கி நடக்கிற துன் சம்பந்தன் சாலையைச் சுற்றி எத்தனை வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள்! அதையும் யாரும் சொல்லவில்லை. ஒருத்திக்குச் சுடுசோறும் பொரித்த முட்டையும், மேலே இரண்டு சொட்டு கிச்சாப்பும் போதும். இன்னொருத்திக்கு மிளகு தூக்கலான ரசம், அப்பளம்கூட வேண்டாம். மூன்றாமவள் "சார்டின் டின் புளிக்கொழம்பு" என்றதும் பெட்டியே ஒரு பெருமூச்சு விட்டது.

இந்த டின் மீன் குழம்பைப் பற்றி மலேசியத் தமிழர்களிடம் தெரியாமல் பேசிவிடக் கூடாது. அன்று சுபாங் ஜெயா வரும்வரை அதே வழக்குதான். கடுகு, வெந்தயம், கருவேப்பிலை தாளித்து, பெரிய வெங்காயத்தை வதக்கி, டின்னில் இருக்கும் தக்காளிச் சாற்றை மட்டும் முதலில் ஊற்ற வேண்டும். மசாலாத்தூள் போட்டு, புளி கரைத்து ஊற்றி, பச்சை வாடை போகக் கொதித்த பிறகே மீன். போட்டபின் கரண்டியை உள்ளே விட்டால் கூழாகிவிடும், சட்டியைப் பிடித்து ஆட்டுவதோடு சரி. புளி எவ்வளவு என்றால் "ஒரு உருண்டை" என்கிறாள். யார் கை உருண்டை என்று நான் கேட்டதற்கு அடிக்கவே வந்துவிட்டாள்.

அந்த டின்னில் சேவல் படம் போட்டிருப்பதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? 1892இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வியாபாரம் அது. சேவல் சின்னத்தைப் பார்த்து மக்கள் கோழி மார்க் என்று அழைக்கப்போய், மீன் டின்னுக்கு மலாயில் கோழி என்று பொருள்படும் 'அயாம்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரரின் டின்னைத் தோட்டத்து லயத்தில் உடைத்து, புளி ஊற்றி நம்முடையதாக்கிக்கொண்டோம். ருசிக்காக முதலில் வாங்கவில்லை. மாதக் கடைசியில் மீன்காரனுக்குக் கொடுக்கக் கையில் காசிருக்காது. கடைக்காரர் 555 நோட்டில் எழுதிக்கொண்டு கடனுக்குக் கொடுக்கிற மீன் அது ஒன்றுதான்.

என் முறை வந்தது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல் என்றேன். "அந்தக் காலத்து ருசி" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டேன்.

ஜன்னலோரம் இருந்த அக்கா அதுவரை வாயைத் திறக்கவில்லை. எங்களில் மூத்தவர். "எங்கம்மா மரவள்ளியப் பாத்தாலே எழுந்து போயிடுவாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. என் பாட்டியும் அப்படித்தான். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1941ஆம் ஆண்டு முற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள், அடுத்த மாதமே கோலாலம்பூர் வீழ்ந்தது. பர்மா அரிசி வரத்து நின்றது. ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், பாட்டியின் அண்ணன் திரும்பவில்லை. அப்போது பாட்டிக்குப் பத்து வயது. லயத்தைச் சுற்றி நட்டதும் மரவள்ளி, காலையில் தின்றதும் மரவள்ளி, இரவில் தின்றதும் அதுவே.

இந்தக் கதையெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்ததுதான். பாட்டி பேசமாட்டார். ஆனால் நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்டால் அவரேதான் கிழங்கை அவித்துக் கொடுப்பார். தடித்த தோலைக் கீறி உரித்து, நடு நரம்பை உருவி, தண்ணீரில் போட்டு வைப்பார். வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பைவிட்டு நகரமாட்டார், எங்கள் யாரையும் நம்பவும் மாட்டார். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து தின்னும்போது மட்டும் பின்வாசலுக்குப் போய்விடுவார். பசியில்லை போல என்று நினைத்துக்கொள்வேன். பதினைந்து வயதில் ஒருநாள் ஏன் என்று கேட்டேவிட்டேன். "மூணு வருசம் தின்னேன், போதும்" என்றார்.

பெண்களுக்குள் சமையல் குறிப்பு கைமாறுவது எனக்கு மிகவும் பிடித்த காரியம். எங்களோடு வரும் ஒரு மலாய்க்கார காக் (அக்கா) அன்று சார்டின் குழம்பைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியில் சாப்பிடக் கூடாதென்பதால் வீட்டுக்கு வந்துதான் திறந்தோம். வெந்தயத்தைக் காணோம், செராய் என்கிற எலுமிச்சைப்புல் மணந்தது, தேங்காய்ப்பால் வேறு. எங்கள் குழம்பே இல்லை, ஆனால் ஒரு தட்டுச் சோறு கூடுதலாக இறங்கியது. குறிப்பு இப்படி மாறுவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

என்னை உறுத்துவது வேறு. கொடுக்கும்போது நாம் ருசியை மட்டும் கொடுக்கிறோம், பசியை வழித்துக் கீழே கொட்டிவிடுகிறோம். இப்போது சில கடைகளில் மரவள்ளியை 'பாரம்பரியம்' என்று பலகையில் எழுதி, வாழையிலைத் துண்டில் வைத்து நல்ல விலைக்குக் கொடுக்கிறார்கள். விற்பதில் தப்பில்லை. அந்தப் பாரம்பரியம் எவருக்கும் விருப்பத்தில் வந்ததில்லை என்பதுதான் பலகையில் கிடையாது. என் வாயிலிருந்து வந்த "அந்தக் காலத்து ருசி"யும் அப்படியொரு பலகைதான்.

அதற்காகக் கிழங்கு அவிப்பதை நிறுத்திவிடுவதா என்று கொஞ்சநாள் யோசித்தேன். நிறுத்தவில்லை. மறக்கடிக்க வேண்டுமென்று பாட்டி நினைத்திருந்தால் அடுப்படியில் அத்தனை நேரம் நின்றிருக்கமாட்டார். வெறுத்துப்போன ஒன்றை அடுத்தவர் ருசித்துத் தின்னும்படி சமைத்துக் கொடுக்க என்ன மனசு வேண்டும்? எனக்கு அது வராது. ஒரு மாதிரியான நாட்களில் நான் தேடிப் போவது கிழங்கையா, அதன் பக்கத்தில் நின்ற ஆளையா என்றும் சொல்லத் தெரியவில்லை.

பாட்டி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ரயிலில் இளையவள் போன வாரம் என்னிடம் கிழங்குக்குக் குறிப்பு கேட்டாள். ஷா ஆலம் வரைக்கும் பாட்டியின் கதையைச் சொன்னேன், குறிப்பு அதற்குப் பிறகுதான். சம்பலை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளட்டும். கிழங்கில் விஷம் உண்டென்று பசியில் கற்றவர் பாட்டி, அதில் மட்டும் அவர் பேச்சுதான். நீங்களும் அவித்தால் பானையை மூடாதீர்கள், முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள்.