நல்வாய்மையும் திக்கும் நாவும்

எண்வழிப் பாதையின் மூன்றாம் உறுப்பு நல்வாய்மை. பொய், புறங்கூறல், கடுஞ்சொல், பயனற்ற சொல் என்னும் நான்கையும் விலக்குவதே அதன் இலக்கணம் என்பதை உபாசகர் அனைவரும் அறிவர். ஆனால், சொல் எளிதில் எழாத குழந்தைக்கு இவ்வறம் எவ்வாறு பொருந்தும்? இவ்வறம் சோதிப்பது திக்கும் நாவையன்று. எதிரே அமர்ந்து கேட்பவரின் நாவையே என்பது எம் கருத்து.

இதை ஆராயத் திருவனந்தபுரம் தக்க இடமாகும். அந்நகருக்கு அருகே வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வாயில் திறக்கப் போராடினார். வாயில் திறந்தது. உள்ளே புகுந்த பிள்ளை வாய் திறக்க இயலாமல் ஒடுங்கியிருந்தால் அவ்வெற்றி முழுமையாகுமா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் பேச்சு மொழிக் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. 1997இல் நிறுவப்பட்ட தேசியப் பேச்சு கேள்வி நிறுவனம், அந்நகரின் ஆக்குளத்தில் இத்துறை வல்லுநரைப் பயிற்றுவிக்கிறது. வல்லுநர் குறையை ஆராய்ந்து பயிற்சியை வகுப்பார். அதைப் பள்ளியில் பொறுமையுடன் நடத்திவைப்பவர் உதவியாளர். அவர் பணியில் இந்நான்கு விலக்குகளையும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பொய். “ஒரே மாதத்தில் சரியாகிவிடும்” என்று தாய்க்கு உறுதி கூறுவது பொய். ஆராயும் தகுதி பெறாத உதவியாளர் குறைக்குப் பெயர் சூட்டுவதும் அவ்வாறே. சாலைக் கடைவீதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மலையாள வகுப்பில் தடுமாறலாம். மலையாளம் நான்கு எழுத்துக்களால் பிரித்தெழுதும் ககர ஒலிகளுக்குத் தமிழில் ஓர் எழுத்தே உண்டு. அவ்வேறுபாடு பழகாமை நோயன்று. மெய்யான மொழிக் குறைபாடாயின் தாய்மொழியிலும் தோன்றும். ஆகவே தாய்மொழியில் பேசவைத்துக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது.

“முற்பிறப்பின் பாவம்” என்பது இவற்றினும் கொடிய பொய். சங்யுத்த நிகாயத்தில் சீவகர் என்னும் பரிவிராசகர் வினவியபோது, மனிதர் துய்க்கும் இன்ப துன்பங்களுக்குப் பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல் முதலிய எட்டுக் காரணங்களைப் பகவான் புத்தர் காட்டினார். வினைப்பயன் அவற்றுள் ஒன்று மட்டுமே. யாவும் பழவினையே என்போர், தாம் அறிந்ததைக் கடந்து பேசுகின்றனர் என்றும் விளக்கினார். பிறப்பின் தாழ்வுக்குப் பழவினையே காரணம் என்ற சொல்லால் தலைமுறை தலைமுறையாக அடிபட்டு, அதை உதறித் தம்மத்தைத் தழுவியவர் நாம். அதே சொல்லை ஒரு குழந்தையின் தலையில் நாம் ஏற்றலாமா?

இரண்டாவது, புறங்கூறல். குழந்தையின் குறையை ஆசிரியர் அறையில் கதையாக்குவதும், வளர்ப்பின் பிழையே திக்குதல் எனப் பெற்றோரைப் பழிப்பதும் இதில் அடங்கும். மூன்றாவது, கடுஞ்சொல். “ஒழுங்காகப் பேசு” என்ற அதட்டல் அச்சத்தை வளர்க்கும். அச்சம் நாவை மேலும் கட்டும். நான்காவது, பயனற்ற சொல். குழந்தை தொடங்கிய சொல்லை இரக்கத்தால் நாமே முடித்துவிடுவது பயனற்றது. அக்குழந்தை பேசவேண்டிய வேளையை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அங்ஙனமாயின் பயிற்சியே வேண்டாமோ எனலாம். வேண்டும். துன்பம் குறைய வழியிருக்கையில் வாளாவிருப்பது கருணையன்று. ஆயினும் பயிற்சியின் நோக்கம், பிறர் நகையாதபடி பேசவைப்பதன்று. தான் எண்ணியதைக் குழந்தை தானே சொல்லச் செய்வது. ஓரளவு திக்கினாலும் சொல்லி முடித்தால் அது வெற்றியே.

உபாசக அன்பர்களே! இப்பணி ஏற்போர் சிலராகவே இருப்பர். ஆனால் திக்கும் குழந்தையின் முன் நிற்கும் வேளை நம் அனைவருக்கும் வரும். அப்போது அது சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அக்காத்திருத்தலும் நல்வாய்மையே.