வழிகாட்டியின் சொல்

மலையேறச் சென்று உச்சியைக் காணாமல் திரும்புகின்றவர்கள் தோற்றவர்களா? எளிய வினாவாகவே தோன்றும். ஆனால் அதனுள்ளே இன்னொரு வினா இருக்கிறது: மேலே செல்வதா, திரும்புவதா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு?

காரைதீவிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் நண்பர்கள் அறுவர் ஒன்றாகப் புறப்பட்டோம். நம்மிற் சிலருக்கு அது சிவனொளிபாதமலை. சிலருக்குப் பாவா ஆதம் மலை. சிங்கள மக்களுக்கு ஸ்ரீபாத. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு மக்கள் திரண்டு செல்லும் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமியோடு முடிந்துவிடும். ஆசிரியர்களாகிய நமக்கோ ஆகஸ்ட் விடுமுறைதான் வாய்த்தது. படிகளில் விளக்கில்லை, வழிக்கடைகள் மூடிக் கிடந்தன. ஆகவே நல்லதண்ணியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். கூலியிற் பாதி முன்பணம். மீதி உச்சியைக் கண்டு திரும்பிய பின் என்பது பேச்சு.

நமது கரையில் ஆகஸ்ட் கச்சான் வீசும் காலம். வயல் நிலம் வெடித்துக் கிடக்கும். அந்தத் தென்மேற்குக் காற்றுத்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் நம்மிடம் வந்து சேர்கிறது. வகுப்பறையில் இதனைக் கற்பிக்கின்ற நாமே இதனை மறந்து மலையேறினோம்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. படிகள் ஓடைகளாயின. காற்று ஆளைத் தள்ளியது. வழிகாட்டி நின்றார். "மேல காத்து இன்னும் மோசமா இருக்குங்க ஐயா, திரும்பிருவோம்" என்றார். "பேசிய கூலியைத் தருகிறோமே, இன்னும் கொஞ்சத் தூரந்தானே?" என்றார் நம்மில் ஒருவர். வழிகாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க போகச் சொன்னா வர்றேங்க ஐயா. ஆனா வேணாம்" என்றார்.

அந்தச் சொல்தான் நம்மைச் சுட்டது. அவர் மலைக்கு அஞ்சினார். கூலி போய்விடுமோ என்றும் அஞ்சினார். இரண்டாவது அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமல்லவா? நாம் திரும்பினோம்.

எல்லாரும் திரும்பியதில்லை. 1922 ஜூன் 7 அன்று எவரெஸ்ட் மலைச் சரிவில், புதிதாய்ப் பெய்த பனி இறுகுமுன்னரே, மூன்று ஆங்கிலேயரும் பதினான்கு சுமைதூக்கிகளும் மேலேறினர். பனி சரிந்தது. மாண்டவர் எழுவர், எழுவரும் சுமைதூக்கிகளே. உயிர் தப்பிய ஆங்கிலேயர் மூவருள் ஒருவர் ஹோவார்ட் சோமர்வெல். இறந்தவர்களோடு ஓர் ஆங்கிலேயரேனும் மடிந்திருக்கக் கூடாதா என்று பின்னாளில் அவர் மனம் நொந்து எழுதினார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில், ஏழை மக்களுக்குப் பல்லாண்டுகள் மருத்துவம் செய்தவரும் அவரே. அவருடைய துயரம் உண்மையானது. எனினும், அந்த எழுவரிடம் ஏறலாமா என்று கேட்டவர் யார்? மறுத்திருந்தால் அவர்களுக்குக் கூலி கிடைத்திருக்குமா?

துணிவில்லாமல் மனிதகுலம் முன்னேறியதுண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லைதான். ஒரு வேலைநிறுத்தமும் துணிவின்றி நடந்ததில்லை. ஆனால் தன் உயிரைத் தான் அறிந்து பணயம் வைப்பது துணிவு. பிறன் உயிரைப் பணத்தினால் பணயம் வைப்பது சுரண்டல். அதற்கு வீரம் என்று பெயரிடுவதால் அதன் இயல்பு மாறிவிடாது.

நமது கடற்கரையைப் பாருங்கள். மாரிகாலத்தில் கடல் கொந்தளிக்கையில் கரைவலைத் தோணி மணலிலேயே கிடக்கும். அதற்காக மீனவரைக் கோழை என்று ஊரில் எவரும் சொல்வதில்லை. காற்றைப் படித்தவரின் சொல்லுக்கு அங்கே மதிப்புண்டு. ஆனால் அங்கும், முதலாளியிடம் பட்ட கடன் கழுத்தை நெரித்தால் அந்தச் சொல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அறிவு இருந்தால் மட்டும் போதாது. அதை அஞ்சாமல் சொல்வதற்கு வயிறும் இடம் தரவேண்டும்.

அடிவாரத்தில் மீதிக் கூலியைப் பற்றிய பேச்சு எழுந்தது. உச்சியைக் காணவில்லையே, பாதி போதாதா என்றார் ஒருவர். வாதித்தோம், முடிவில் முழுவதையும் கொடுத்தோம். இது ஈகையன்று. அன்று அவர் செய்த வேலைகளுள் மிகப் பெரியது நம்மைத் திருப்பி அழைத்து வந்ததுதான். அந்த வேலைக்குக் கூலி இல்லையென்றால், அடுத்த குழுவினரிடம் அவர் "வேணாம்" என்று சொல்வதற்கு முன் தன் பிள்ளைகளின் பசியை எண்ண வேண்டியிருக்கும்.

நாம் உச்சியைக் காணவில்லை. இனி ஒருமுறை ஏறுவோம். அப்போது கூலியை உச்சியோடு முடிச்சுப் போடாமல் பேசுவோம்.