வேலியும் பயிரும்

மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் கைகளை மக்களே கட்டிவைப்பது முறையாகுமா? நம்பி அனுப்பியவர்களையே ஐயுறுவது அவர்களை இழிவுபடுத்துவதாகாதா? அமெரிக்காவின் டெக்சஸ் மாநில அரசமைப்புச் சட்டத்தை முன்வைத்து இவ்வினாவைச் சிந்திப்போம்.

அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனி அரசமைப்புச் சட்டம் உண்டு. நாடு முழுமைக்குமான காங்கிரஸ், தனக்கு வழங்கப்பட்ட அதிகாரங்களை மட்டுமே கையாளலாம். மாநிலச் சட்டமன்றமோ, தடுக்கப்படாத எதனையும் செய்யலாம். ஆகவே மாநில அரசமைப்பு அதற்கு அதிகாரம் வழங்குவதைவிட எல்லை வகுப்பதையே பெரும்பணியாகக் கொண்டுள்ளது.

1876ஆம் ஆண்டு முதல் நடப்பிலிருக்கும் டெக்சஸ் அரசமைப்பு இவ்வெல்லைகளை மிக நெருக்கமாக வகுத்துள்ளது. 150 பேர் கொண்ட கீழவையும் 31 பேர் கொண்ட செனட்டும் ஈராண்டுக்கு ஒருமுறையே வழக்கமாகக் கூடுகின்றன. அக்கூட்டத்தொடர் 140 நாள்களைத் தாண்டலாகாது. சிறப்புக் கூட்டத்தை அழைக்கும் உரிமை ஆளுநருக்கே உண்டு. அதற்கு 30 நாள்களே எல்லை. நிதி ஒதுக்கீட்டு மசோதா நீங்கலாக, ஒரு மசோதாவில் ஒரு பொருளே இடம்பெற வேண்டும். ஒவ்வோர் அவையிலும் அது மூன்று தனித்தனி நாள்களில் வாசிக்கப்பட வேண்டும். அவசரத் தேவையை முன்னிட்டு அவையில் ஐந்தில் நான்கு பங்கினர் இசைந்தாலன்றி, இவ்விதியைத் தள்ளிவைக்க இயலாது.

மூன்று நாள்கள் எதற்காக? அவைக்குள் இருப்போருக்காக மட்டுமன்று; வெளியே இருப்போருக்காகவுமே. நள்ளிரவில் நுழைக்கப்படும் ஒரு வரி, மறுநாள் ஓர் ஏழையின் வாழ்வைக் குலைத்துவிடக்கூடும். சட்டம் பொதுநலனுக்கான அறிவின் ஒழுங்கு என்று கூறிய புனித தோமா அக்குவினாஸ், அது அறிவிக்கப்படவும் வேண்டும் என்றார். அறியாமலே கட்டுண்பவன் குடிமகன் அல்லன், அடிமையே.

ஆயினும் வேலி கட்டியவர்களின் உள்ளத்தையும் நாம் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போருக்குப்பின், 1870 முதல் 1874 வரை ஆளுநராயிருந்த எட்மண்ட் டேவிஸ் மீதான எதிர்ப்பே இந்த அரசமைப்புக்கு வித்திட்டது. குவிந்த அதிகாரத்தைக் கண்ட அச்சம் அவ்வெதிர்ப்பில் இருந்தது. அப்போதுதான் வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்களை நிகராக ஏற்க மறுத்த மனமும் அதில் கலந்திருந்தது. நல்ல விதி தூய கைகளிலிருந்தே பிறக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மேலும், வேலியே சிலவேளை பயிரை நெருக்கிவிடுகிறது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் உறுப்பினரின் ஊதியத்தை மாதம் 600 டாலர் என வரையறுத்தது. கூட்ட நாள்களுக்குப் படி உண்டெனினும், பிழைப்பை விட்டுவிட்டு 140 நாள்கள் அவையில் அமர எந்தக் கூலித்தொழிலாளியால் இயலும்? பதவியாசையைத் தடுக்க எழுந்த வேலி, ஏழையையும் வாயிலிலேயே நிறுத்துகிறது. நுணுக்கமான விதிகளைத் தளர்த்த வேண்டி, அந்த அரசமைப்பு இதுவரை 500க்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டுள்ளது.

அப்படியானால் வேலி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தன் விருப்பத்திற்கு எல்லையுண்டு என ஒப்புக்கொள்வது எவருக்கும் இழிவன்று. ஆனால் வேலி களவைத்தான் தடுக்கும், விளைச்சலைத் தராது. விதி மூன்று நாள் அவகாசத்தைப் பெற்றுத் தரலாம். அந்நாள்களில் எளியவனின் குரலுக்குச் செவிசாய்க்கும் மனத்தை எந்த விதியும் தந்துவிடாது. அம்மனம் உடையவரைத் தேர்ந்தனுப்புவது வாக்காளராகிய நம் ஒவ்வொருவரின் கடமை.