வீட்டிலிருந்து பார்ப்பது

2022 டிசம்பர் 15 மாலை, கொல்கத்தாவிலிருக்கும் நண்பர் தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். இருண்ட வானத்தில் கூம்பாக விரிந்த ஒரு வெளிச்சம். யாரோ டார்ச் விளக்கை மேலே பிடித்துக்கொண்டு நடந்துபோவது போல. கூடவே அவர் குழந்தையின் கூச்சல். ஒடிஷா கடற்கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவிச் சோதித்த அக்னி-5 அது என்று பிற்பாடு செய்தி வந்தது. நடுவட்டத்தில் நான் அந்த வீடியோவைப் பார்த்தபோது எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தூரமோ ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர். இருந்தும் எழுந்து வெளியே போய் வடகிழக்கே பார்த்தேன். கூடலூர்ச் சரிவிலிருந்து ஏறி வந்த மூடுபனி தவிர ஒன்றுமில்லை. ஏமாற்றமாக இருந்தது.

இந்த ஏமாற்றம்தான் என் பிரச்னை.

கொல்கத்தாவில் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். தரை இருட்டிய பிறகும் உயரே வெயில் இருக்கும். ஏவுகணை கக்கிய புகையில் அந்த வெயில் பட்டுச் சிதறியதுதான் ஜோதியாகத் தெரிந்தது. ஆக, எல்லோரும் வியந்தது சூரியனை. சில நாட்கள் இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஆயுதம் வேறு, அதன் அழகு வேறு என்பது நம் வட்டத்தில் எளிதில் செலாவணியாகும் வாதம். வாளின் வேலைப்பாட்டை ரசிப்பவன் வெட்டுக்குப் பொறுப்பாளியல்ல என்பார்கள். ஆனால் வாளை ரசிப்பவன் அதன் விளிம்பில் விரல் வைத்துப் பார்க்க முடியும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும் ஒன்றுக்கு அப்படி விளிம்பு கிடையாது. ஏவுகிறவன், யார்மேல் விழுகிறது என்று பார்க்கவேண்டியதில்லை. அதற்காகவே அது ஆக்கப்பட்டிருக்கிறது. மாடியில் நிற்பவனின் ரசனைக்கும் அதே தூரம் வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே பார்வைதானோ என்று எனக்குச் சந்தேகம்.

கிட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. சண்டிப்பூரில் 2024 ஜூலை 24 அன்று நடந்த ஏவுகணைத் தடுப்புச் சோதனைக்காக, ஏவுதளத்தைச் சுற்றியிருந்த பத்துக் கிராமங்களிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தற்காலிகமாக அப்புறப்படுத்தினார்கள். இழப்பீடும் உண்டு. அவர்கள் பாதுகாப்புக்காகத்தான்; குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் அவர்களால் அதை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. பார்க்கும் தூரத்தில் வீடு இருந்ததே அவர்கள் வெளியேறக் காரணம்.

அருவங்காட்டை மடியில் வைத்துக்கொண்டு நீ இதைப் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கே கார்டைட் ஆலை 1903-இல் தொடங்கியது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்குமான உந்துமருந்துதானே அங்கே ஆகிறது, அக்னிக்கு அல்லவே என்றேன். சொல்லும்போதே வக்கீல் தொனி வந்துவிட்டது. அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். நாட்டுக்கு ஆயுதம் வேண்டாம் என்று சொல்லும் துணிவும் என்னிடமில்லை. வேண்டியிருக்கலாம். வேண்டியிருக்கிறதே என்ற துக்கத்தோடு அதை வைத்துக்கொள்வது ஒன்று. குழந்தையைத் தூக்கி நிறுத்திக் காட்டுவது வேறொன்று. நண்பருக்கு இதை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் மாடியேறிய நேரத்தில் அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வாசலுக்குப் போனவன் நான்.

அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை. நேற்றுகூடப் பார்த்தேன், சத்தத்தை நிறுத்திவிட்டு. அழகாகத்தான் இருக்கிறது.