முடிவு யார் கையில்?

கதை கேட்போன் கதையின் போக்கை மாற்ற இயலாது என்பது நெடுங்காலமாக இருந்துவந்த நியதி. கோவலன் மதுரைக்குப் போகாதிருந்தால் என்று நாம் ஏங்கலாம். ஆயினும் அவன் போகாமலிருப்பதில்லை. இந்நியதியை இன்றைய கணினி விளையாட்டுகள் தகர்த்துள்ளன. கொக்குவில் போன்ற நம் ஊர்களிலும் இளைஞரின் கைகளை எட்டியுள்ள கதைசார் விளையாட்டுகள் பலவற்றில், கதைமாந்தன் ஒரு சந்தியில் வந்து நிற்பான். திரையில் இரண்டு மூன்று வழிகள் தோன்றும். காப்பதா, கைவிடுவதா? உண்மையைக் கூறுவதா, மறைப்பதா? ஆடுவோனின் தெரிவுக்கேற்பக் கதை கிளைக்கும், முடிவும் வேறாகும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும் உளர். மனித சுதந்திரத்தின் புதுக்கலை எனப் போற்றுவோரும் உளர். இரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்றுண்டு. தெரிவு நம்முடையது, தெரிவதற்குரிய வழிகளை வகுத்தவர் யார்?

முதலில் இக்கலையின் தொழில்முறையை நோக்குவோம். ஒரு கதை பத்து இடங்களில் இவ்விரண்டாகப் பிரிந்து, மீண்டும் கூடாமலே சென்றால் இறுதியில் 1,024 முடிவுகள் தேவைப்படும். ஒவ்வொரு கிளைக்கும் எழுத்து, சித்திரம், குரல், இசை யாவும் வேண்டும். அத்தனை உழைப்புக்கும் கூலி கொடுக்க எந்த நிறுவனமும் முன்வராது. ஆகவே பிரிந்த கிளைகள் சிறிது தூரம் சென்றதும் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. எண்ணற்ற பாதைகள் தன் முன் விரிந்திருப்பதாக ஆடுவோன் மயங்குகிறான். இருப்பவையோ சில பாதைகளே. இங்கு சுதந்திரத்துக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் கணக்கேடுதான்.

இவ்வுண்மையை ஒரு திரைப்படக் கலைஞர் அரை நூற்றாண்டுக்கு முன்னரே எள்ளலாக எடுத்துக்காட்டினார். 1967 இல் கனடாவின் மொன்றியல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோசிலோவாக்கியாவைச் சேர்ந்த ராதுஸ் சின்செரா ‘கினோஓட்டோமாட்’ என்னும் படத்தைக் காட்டினார். இடையிடையே படம் நிறுத்தப்படும். அடுத்து நிகழவேண்டியது யாதென அவையோர் தத்தம் இருக்கையிலிருந்த பொத்தானை அழுத்தி வாக்களிப்பர். பெரும்பான்மையோர் விரும்பிய காட்சி தொடரும். ஆனால் எவ்வாறு வாக்களித்தாலும் இறுதியில் வீடு எரிவதே முடிவு! வாக்களிக்கும் உரிமை இருந்தும், நிகழ்வது மாறாத ஓர் ஏற்பாட்டை அவர் நகையாடினார். அந்நகைப்பின் கசப்பு நமக்கு விளங்காததன்று.

இனி அறவியலுக்கு வருவோம். விளையாட்டுகள் பலவற்றில் ஆடுவோன் தான் செய்ததற்கு மனம் வருந்தினால், சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்பி வேறு வழியைத் தெரிந்துகொள்ளலாம். இத்தகைய தெரிவுக்கு விலை இல்லை. நம் பாட்டிமார் சொன்ன வேதாளக் கதையை நினைவுகூர்வோம். விடை தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாய் திறக்காவிடில் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். எதைச் செய்தாலும் அதற்குரிய விலையை அவன் கொடுத்தேயாக வேண்டும். அறத்தின் எடை அந்த விலையிலேதான் இருக்கிறது.

இதனினும் பெரிய தீங்கு வேறொன்று. நல்ல தெரிவு செய்தவனுக்கு நல்ல முடிவு, தீய தெரிவு செய்தவனுக்குத் தீய முடிவு என்று பழக்கப்பட்ட மனம், வாழ்க்கையையும் அக்கண்கொண்டே நோக்கத் தலைப்படும். வறியவன் வறியவனாயிருப்பது அவன் பிழையான வழியைத் தெரிந்ததால். அகதி அகதியானது அவன் புறப்பட்டதால். பழைய விதிக்கொள்கையை வாசல் வழியே வெளியேற்றிவிட்டு, யன்னல் வழியே அதனை மீண்டும் அழைத்து வருவதல்லவா இது?

1995 ஒக்டோபர் 30 ஆம் நாளை எண்ணிப் பார்ப்போம். கொக்குவில் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். நடக்கவியலாத தாயை விட்டுச் செல்வதா, உடனிருப்பதா? உறுதியை எடுப்பதா, அரிசியை எடுப்பதா? இவையும் தெரிவுகள்தாம். ஆனால் அவற்றை அம்மக்கள்முன் நிறுத்தியது போர். அவர்கள் நல்ல கிளையைத் தெரியவில்லை என்று எவரேனும் கூறுவராயின் அது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

அவ்வாறாயின் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. 1992 முதல் 1996 வரை நீடித்த சரஜேவோ முற்றுகையை முன்மாதிரியாகக் கொண்டு, போலந்து நாட்டுக் கலைஞர்கள் 2014 இல் ‘திஸ் வோர் ஒவ் மைன்’ என்னும் விளையாட்டை ஆக்கினர். அதில் நாம் வீரரல்லர். இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் சாதாரண குடிமக்கள். அயலில் ஒரு முதிய தம்பதியர் உளர். அவர்களின் உணவையும் மருந்தையும் திருடினால் நம்மவர் பிழைக்கலாம். ஆனால் திருடியவர் மனமுடைந்துபோவார். வழிகளை ஒடுக்கியது போர். அவ்வொடுங்கிய வழியில் முதியோரிடம் கைவைத்தது நாம். இவ்விரு பொறுப்புகளையும் ஒன்றாகக் குழப்பாமல், தனித்தனியே உணரச் செய்வதிலேயே இவ்விளையாட்டின் பெருமை தங்கியுள்ளது.

தமிழர் வாழ்விலிருந்தும் ஓர் உதாரணம் கூறலாம். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்ற ஒரு குடும்பத்தின் கதை. உரையாடலில் நாம் எதைத் தெரிந்தாலும் கதையின் போக்குப் பெரிதும் மாறுவதில்லை. மகன் தாய்மொழியை விட்டு விலகுவதைத் தாயால் தடுக்க முடிவதில்லை. இதைக் குறை என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குடிபெயர்ந்த ஒரு தாயின் கையில் எத்தனை கதவுகள் இருந்தனவோ, அத்தனையையே அது காட்டுகிறது.

ஆகவே முடிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு இக்கலையை அளத்தல் பொருந்தாது. திறந்த கதவுகளைக் காட்டுவதுடன், மூடிய கதவுகளையும் அவற்றை மூடிய கைகளையும் காட்டுகிறதா என்பதே நமது உரைகல். கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், அவரொத்த இளைஞரும் பிறர் வகுத்த கிளைகளில் ஆடுவதோடு அமையாது, தம் மக்களின் கதைக்குத் தாமே கிளைகளை வகுக்கட்டும். அவ்வேளை மூடிய கதவுகள் எவையென்பதை அவர்களுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.