யாருடைய முறை இது?

ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே கதையைச் சேர்ந்து நடத்தும்போது, பாதி நேரம் கதைக்கு வெளியேதான் கழிகிறது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை எதுவரை நிற்கிறது, சேப்பாக்கத்தில் யார் அவுட், அக்கா கல்யாணத்துக்கு எந்த மண்டபம். இந்தப் பேச்சை என்ன செய்வது? தடுப்பதா, விடுவதா? திருவொற்றியூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கதை நடத்தும் எனக்கு இது சின்னக் கேள்வியாக இல்லை.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகைக்கு முன்னோடி. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள், ஒருவர் கதையை நடத்துவார். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. எங்கள் கதையில் டிராகனும் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய காலத்தில் அது நடக்கிறது. ஒருவர் கட்டுமரக்காரர், ஒருவர் துபாஷி, ஒருத்தி நெசவாளியின் மகள்.

அந்த நெசவாளி மகளாக விளையாடுகிறவள் அதிகம் பேசாத பெண். ஒருநாள் அவளுடைய பாத்திரம் கோட்டை வாசலில் காவலாளியிடம் பொய் சொல்லி உள்ளே போக வேண்டிய கட்டம். என்ன சொல்வது என்று வாரம் முழுக்க யோசித்து நோட்டில் எழுதி வந்திருந்தாள். பகடையைக் கையில் எடுத்தாள். அதே நேரம் ஒருவருடைய போனில் ஸ்கோர் வந்தது. அதிலிருந்து பேச்சு பழைய மேட்ச் ஒன்றுக்குப் போனது, அங்கிருந்து பிரியாணிக்கு. பேச்சு ஓய்ந்து கதைக்குத் திரும்பியதும் இன்னொருவன், “சரிக்கா, அந்தக் காவலாளிய நான் பின்னாலருந்து அடிச்சுச் சாய்ச்சுடறேன்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பகடையை மேசையில் வைத்துவிட்டு நோட்டை மூடினாள்.

வெளிப்பேச்சு கதையைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்குக் கதையைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது, அது அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். பேச்சு பறிப்பது ஒரு மனிதரின் முறையை. அதிலும் எப்போதும் மிகவும் அமைதியானவரின் முறைதான் பறிபோகிறது. வாய்ச்சாலகன் தன் முறையை எப்படியும் திரும்பப் பிடித்துக்கொள்வான். ‘ஜாலிக்குத்தானே விளையாடறோம், பேசினா என்ன’ என்று பெருந்தன்மையாகச் சொல்கிறவர்களை நான் ஏற்பதில்லை. அந்தப் பெருந்தன்மைக்கான விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

இந்த விஷயத்தில் வடசென்னைக்கு வெளியூர்ப் புத்தகம் எதுவும் தேவையில்லை. கேரம் போர்டைச் சுற்றி நின்று பார்த்தால் போதும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கேரம் கிளப்புக்குள் போனால் காது கிழியும். போர்டில் நாலு பேர், சுற்றிலும் பத்துப் பேர், நாலு திசையில் பேச்சு. ஆனால் அடிக்கிறவர் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குனிந்ததும் அந்தப் போர்டைச் சுற்றி மட்டும் குரல் தானாகத் தணியும். ‘சும்மா இருங்கப்பா’ என்று யாரும் அதட்டுவதில்லை. காயின் விழுந்ததும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் பிறந்தது இதே சென்னையில். 1991இல் முதல் உலகப் பட்டத்தை வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். இத்தனை சத்தம் உள்ள பகுதியிலிருந்துதான் இத்தனை கூர்மையான கவனமும் வந்திருக்கிறது.

அந்த அடக்கம் எங்கிருந்து வருகிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். கேரமில் ஒரு அடி தவறினால் முறை கைமாறிவிடும். சிகப்பைப் போட்டவர் ஃபாலோ போடாவிட்டால் சிகப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். குனிந்திருப்பவருக்கு என்ன பறிபோகும் என்பது சுற்றி நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். நாளை அவர்களும் அதே இடத்தில் குனிவார்கள். கதை விளையாட்டில் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் யாரும் அதைக் காப்பதில்லை.

வெளிப்பேச்சு எழ இன்னொரு காரணமும் உண்டு, கொஞ்சம் சங்கடமானது. விளையாடுகிறவர்கள் ஐந்து பேர் என்றால் ஒவ்வொருவரும் நாலு பேருடைய முறை முடியும்வரை சும்மா இருக்க வேண்டும். நடத்துகிறவர் ஒருவரிடமே இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் கை போனைத் தேடத்தான் செய்யும். அதை ஒழுங்கீனம் என்று சொல்வது நியாயமில்லை. முறைகளைச் சுருக்குவதும், காத்திருப்பவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பதும் நடத்துகிறவரின் பொறுப்பு. படகு வரைபடத்தை ஒருவர் வரையட்டும், சரக்குக் கணக்கை ஒருவர் எழுதட்டும்.

தெருக்கூத்து வெளிப்பேச்சை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. புரிசையிலோ காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களிலோ விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் துரியோதனன் சபையில் சேவகனாக நிற்பான். அந்த ஊர் ரேஷன் கடையைப் பற்றியும் அவனே பேசுவான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வர அவன் ஒருவனுக்கு அனுமதி. ஊர்ப்பேச்சை வெளியே தள்ளாமல் அதற்கென்று ஒரு வேஷமே கட்டியிருக்கிறார்கள். எங்கள் மேசையில் நானும் ஒருமுறை அப்படிச் செய்துபார்த்தேன். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இரண்டு மணி நேரம் லாரி நெரிசலில் மாட்டி, கொதித்துப்போய் வந்தான். அன்றைக்குக் கதையில் பழவேற்காட்டுச் சுங்கச் சாவடியில் மாட்டுவண்டிகளை வரிசை கட்டி நிறுத்திவிட்டேன். “இன்னாக்கா, இங்கயும் ஜாமா?” என்றான். பிறகு ஒரு மணி நேரம் அந்தச் சாவடிக்காரனுடன் மல்லுக்கட்டினான். அன்று மேசையில் இருந்த எல்லாருக்கும் அதில் பங்கு இருந்தது.

ஆனால் எல்லாப் பேச்சையும் கதைக்குள் கரைத்துவிடலாம் என்று நம்புவதும் தவறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படகிலும் வலையிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு எங்கள் மேசையில் யாரும் பகடையைத் தொடவில்லை. அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன், பாட்டியை எப்படி நடத்திக் கூட்டிப்போனான் என்று சொல்ல ஆரம்பித்தான். அதற்குக் கதையில் இடம் தேடியிருந்தால் அது கொடுமை. மேசையை மூடிவிட்டுக் கேட்டோம். அன்று முறை அவனுடையது, நாங்கள் கூடியிருந்த காரணம் எதுவாக இருந்தாலும்.

அதனால் ‘விளையாட்டின்போது வேறு பேச்சு கூடாது’ என்ற ஒற்றை விதியை நான் வைப்பதில்லை. பேசுகிறவர் சும்மா வாய் அசைக்கிறாரா, இன்னும் வந்து சேராமல் இருக்கிறாரா, சொல்ல வேறு இடம் இல்லாமல் இங்கே சொல்கிறாரா என்பதைக் குரலிலேயே கண்டுபிடிக்கலாம், உற்றுக் கேட்டால். முதல் வகையை நான் நேராகவே நிறுத்துவேன், ‘இப்போ அவ முறை’ என்று. இந்த மூன்று சொல்லில் யாரும் இதுவரை கோபித்ததில்லை. ‘பேசாதே’ என்றால் கோபம் வருகிறது.

இரண்டாம் வகைக்காகத்தான் முதல் அரை மணி நேரத்தில் கதையைத் தொடங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம். டீ, பஜ்ஜி, வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சு. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் ஒருவன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்களோடு ஒழுங்காக உட்கார முடியும். மற்ற மாதங்களில் அவன் கடலில் இருப்பான். அவன் வரும் முதல் ஞாயிறு அந்த அரை மணி போதாது. என்ஜின் ரிப்பேர், டீசல் கடன், தங்கச்சி படிப்பு என்று பத்து மாதத்துக் கணக்கு அவனிடம் இருக்கும். அன்று மட்டும் ஏழு மணிக்குமேல்தான் பழவேற்காட்டுக்குப் போவது என்று இந்த வருஷம் எல்லாருமாகப் பேசி முடிவு செய்திருக்கிறோம். கதை தொடங்கியதும் முதல் முறை நெசவாளி மகளுக்கு.