வேட்டைக் கருவியும் வேட்டுவன் அறமும்

அறத்தைப் பற்றிப் பேசப் புகுந்தோர் பெரும்பாலும் செயலைப் பற்றியே பேசிச் சென்றனர். கொல்லலாமா, கூடாதா என்பதே அவர்தம் வினா. கொல்வதென்று ஒருவன் துணிந்தபின் எதனால் கொல்வது என்னும் வினாவை அவர்கள் அறத்தின் எல்லைக்குள் பெரிதும் கொண்டுவரவில்லை. வள்ளுவப் பெருந்தகை கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். வேட்டைக் கருவிக்கென ஒன்று வகுத்தாரில்லை. கருவியோ கைக்கு அடங்கிய பொருள். அதற்கு அறமேது, மறமேது என்று நாமும் எளிதாக நினைத்துவிடுகிறோம். அங்ஙனம் நினைப்பது சரிதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏது வந்தவாற்றையும் சொல்லிவிடுதல் வேண்டும். மைசூரில் நாம் வாழும் விஜயநகர், நான்கு கட்டங்களாக விரிந்த குடியிருப்பு. தமிழகத்தினின்றும் பிழைப்பு நாடி வந்து, இங்கேயே வீடு கட்டி, பேரன் பேத்தியரைக் கண்ட குடும்பங்கள் இங்குப் பல. இக்குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் மீண்டும் ஒரு பெயர்ச்சி பெயர்ந்து அமெரிக்கா சென்றுள்ளனர். அவர்களுள் ஒருவர், அந்நாட்டின் தென்பகுதியில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு வினாவை எழுப்பினார். உடன் பணிபுரிவோர் அவரை மான் வேட்டைக்கு அழைக்கின்றனர். அதுவும் வெறும் வேட்டையன்று. பழங்கருவிகளுக்கென்றே சட்டம் ஒதுக்கியுள்ள பருவத்து வேட்டை. ‘ரைபிள் எடுத்துச் செல்வதா, ஷாட்கன் எடுத்துச் செல்வதா? எது அறத்துக்கு அணுக்கமானது?’ என்பது அவர் வினா. கேட்டவர் விளையாட்டாகக் கேட்டார் போலும். நமக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

அப்பருவத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு உரிய மாதங்கள் கருவிவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வில்லுக்குச் சில வாரங்கள், இக்காலத் துப்பாக்கிக்குச் சில வாரங்கள், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்குச் சில வாரங்கள் என்பது அப்பிரிவு. பழைய துப்பாக்கி என்பது நம் நாட்டுப்புறங்களில் நாட்டுத் துப்பாக்கி என வழங்குவதன் இனம். குழலின் வாயில் கரிமருந்தை அளந்து கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்கி, குதிரையை இழுத்து, விசையைத் தட்டினால் ஒரே ஒரு வெடி. அது தவறினால் மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் மான் காத்திராது. லூசியானா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்கள் பின்னாளில் இவ்வகைக்குள், வெளியே குதிரை தெரியும் பழைய பாணி ஒற்றைத் தோட்டா ரைபிளையும் சேர்த்துக்கொண்டன. அதன் குழல் 0.35 அங்குல அளவுக்குக் குறையலாகாது என்பது விதி.

இவ்விதிகளின் உட்கருத்து வெளிப்படை. கருவி மெலிந்தால் வேட்டுவன் மெலிவான். வேட்டுவன் மெலிந்தால் மானுக்குத் தப்பும் வழி பெருகும். இதனையே அங்குள்ளோர் நேரிய வேட்டை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றனர்.

நம் நாட்டுச் சட்டம் இதே பொருளில் என்ன கூறிற்று என்று பார்த்தால் வியப்புத் தோன்றும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை அடியோடு ஒழித்துவிடவில்லை. உரிமம் பெற்று வேட்டையாட அது இடம் வைத்திருந்தது. புள்ளிமானும் கடமானும் பெருவேட்டை விலங்குகள் என்னும் பட்டியலில் இருந்தன. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேட்டையாடுவோன் செய்யலாகாதவற்றை நிரல்படக் கூறியது. வண்டியிலிருந்து சுடலாகாது, சூரியன் மறைந்தபின் ஆகாது, விளக்கொளியால் கண்கூசச் செய்தல் ஆகாது, உப்புநக்கும் இடத்திலும் நீர்த்துறையிலும் அவற்றிற்குச் செல்லும் தடத்திலும் ஆகாது, கண்ணி, வலை, படுகுழி, நஞ்சு ஆகா. இவற்றோடு இன்னுமொன்று: பெருவேட்டை விலங்கை ரைபிளாலன்றிச் சுடலாகாது, உரிமத்தில் தனியே அனுமதி பெற்றிருந்தாலொழிய ஷாட்கன் கூடாது, அவ்வனுமதி பெற்றாலும் ஒற்றைக் குண்டே இடவேண்டும்.

பாருங்கள், அமெரிக்கச் சட்டம் மெலிந்த கருவியை எடு என்கிறது; நம் சட்டம் வலிய கருவியை எடு என்றது. இரண்டுமே மானின் பொருட்டு என்று சொல்லிக்கொண்டன. இரண்டும் எங்ஙனம் மெய்யாதல் கூடும்?

இதற்கு விடை காணத் துப்பாக்கியின் குழலுக்குள் சிறிது நோக்க வேண்டும். ஷாட்கன் குழலின் உட்புறம் வழவழப்பானது. அதில் இடும் தோட்டாவில் பல ரவைகள் இருக்கும்; வெளிவந்ததும் அவை சிதறிப் பரவும். பறக்கும் கௌதாரிக்கும் காடைக்கும் அது தக்கது. மானின் உயிர்நிலையோ முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே ஒரு சிறு தட்டின் அளவே ஆனது. இதயமும் நுரையீரலும் அங்கே உள்ளன. தொலைவிலிருந்து சிதறிய ரவைகளுள் இரண்டு வயிற்றிலும் ஒன்று தொடையிலும் பாய்ந்தால் மான் வீழாது, ஓடும். புதருக்குள் ஒதுங்கிக் கிடந்து, ஓர் இரவோ ஒரு பகலோ கழித்து மடியும். வேட்டுவன் அதனைக் காணவும் மாட்டான். ‘தவறிவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு அடுத்த மானைத் தேடுவான். ரைபிளின் குழலிலோ திருகுவரிகள் உள்ளன. அவை குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துகின்றன. குறி சரியாயின் சாவு விரைவில் வரும். ஆகவே நம் சட்டம் கருதியது மானின் தப்புதல் அன்று. சாகும் மான் நெடிது துன்புறாமை.

ஆக, இருவேறு அறங்கள் இங்கே எதிரெதிர் நிற்கின்றன. ஒன்று நேர்மை, மற்றொன்று இரக்கம். கருவி மெலிய மெலிய நேர்மை வளர்வது போலத் தோன்றும்; இரக்கம் தேயும். உருண்டைக் குண்டு இட்ட வழுவழுப்புக் குழல் ஐம்பது அறுபது கஜத்துக்கு அப்பால் நம்பத்தக்கதன்று. நாகரிகத்துக்கு மீளும் ஆசையில் அதனைக் கையிலேந்தி நூறு கஜத் தொலைவில் நிற்கும் மானைச் சுடுபவன் மானுக்கு வாய்ப்பளித்தான் என்பதைவிட, அதனைப் புண்படுத்தும் வாய்ப்பைத் தனக்கு அளித்துக்கொண்டான் என்பதே பொருந்தும்.

நேர்மை என்னும் சொல்லையும் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். மல்லர் இருவர் பொருதும்போது ஒருவன் கையில் கத்தி இருத்தலாகாது என்பது நேர்மை. ஏனெனில் இருவரும் பொருத இசைந்தவர். மான் எங்கே இசைந்தது? போட்டி ஒன்று நடைபெறுகிறது என்பதே அதற்குத் தெரியாது. தன் கருவியைத் தானே மழுக்கிக்கொண்டு, ‘இப்போது நாமிருவரும் நிகர்’ என்று மானை நோக்கி ஒருவன் கூறுவது, உறங்குகிறவனோடு பந்தயம் கட்டுவதை ஒக்கும். காட்டு முயலை வீழ்த்திய அம்பினும் யானையைக் குறிவைத்துத் தவறிய வேல் இனிது என்னும் கருத்தமைந்த குறளை இவ்விடத்தே சிலர் எடுத்துக் காட்டுவர். அக்குறள் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தது. களத்து வீரனின் பெருமிதத்தைப் பேசுவது. அதனை மான் வேட்டைக்குச் சான்றாக்குதல் பொருந்தாது. தவறிய வேல் வீரனுக்கு இனிதாகலாம். தவறிய குண்டைத் தாங்கிய மானுக்கு அது இனிதாமோ?

பழைய கதைகளைப் படைத்தோர் இந்நுட்பத்தை அறியாதவர் அல்லர். பாரதத்தில், பாண்டு மன்னன் மான் உருவில் கூடியிருந்த முனிவனையும் அவன் துணையையும் எய்தான். சாகும் தறுவாயில் அம்முனிவன் கடிந்தது மானைக் கொன்றமைக்காக அன்று. மன்னர்க்கு வேட்டை உண்டு என்பதை அவன் ஒப்புக்கொள்கிறான். இணைவிழைச்சு முடியும்வரை பொறாமல் எய்தமைக்காகவே கடிந்தான். தயரதன் கதையிலோ நீர்த்துறையில் ஒலி கேட்ட திசைக்கு அம்பு பாய்ந்தது. வீழ்ந்தவன் பெற்றோர்க்கு நீர் மொண்ட சிறுவன். நீர்த்துறையில் சுடாதே, இருளில் சுடாதே என்று 1972இன் சட்டம் எழுதியபோது அதன் ஆசிரியர்கள் இக்கதையை நினைத்தார்களோ இல்லையோ, நமக்கு நினைவு வராமல் இராது.

நிற்க. கருவியை வைத்து அறம் பேசியவர்கள் எப்போதும் தூய நெஞ்சோடு பேசினார்கள் என்பதற்கில்லை. நீலகிரியில் 1877இல் ஆங்கிலேயர் வேட்டைச் சங்கம் ஒன்று நிறுவினர். 1879இல் நீலகிரி விலங்கு மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அக்காலத் துரைமார் மொழியில் ரைபிள் ஏந்தியவன் கனவான். கண்ணி வைத்தவன் திருடன். கண்ணி கொடியது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் கனவான் சுவரில் மாட்டுவதற்குத் தலை தேடினான். கண்ணி வைத்தவன் அடுப்புக்குக் கறி தேடினான். இவ்வேறுபாட்டை அவர்தம் அறநூல் எழுதவே இல்லை. நம் மைசூரும் இதற்கு விலக்கன்று. பந்திப்பூரும் நாகரஹொளெயும் மன்னர்தம் வேட்டைக்காடுகளாக இருந்தவை. சுட்ட புலிகளுக்கும் சிறுத்தைகளுக்கும் பஞ்சடைத்து உயிர்த்தோற்றம் அளிப்பதில் உலகப்புகழ் பெற்ற வான் இங்கன் நிறுவனம் இதே ஊரில் 1999 வரை தொழில் நடத்தியது. அக்காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜேனு குறுபர், பெட்ட குறுபர் முதலியோரின் பெயர் எந்தத் தலைக்குக் கீழும் பொறிக்கப்படவில்லை. மான்தோலில் அமர்ந்து செபம் செய்துகொண்டே வேட்டுவரைப் பழித்த நம்மவரும் உண்டு, அதனையும் மறைப்பானேன்?

அமெரிக்க விதியின் கதை வேறு வகையில் கோணிற்று. கருவியின் பெயரைச் சட்டம் கட்டிப்போட்டதும், பெயருக்குள் நின்றுகொண்டே வலிமையை வளர்க்கும் வழி தேடினர். 1985இல் மிசௌரி மாநிலத்துத் துப்பாக்கிக் கொல்லர் டோனி நைட் என்பார், வாய்வழியே மருந்து கெட்டிப்பதாயினும் உள்ளமைப்பில் இக்கால ரைபிளை ஒத்த புதுவகை ஒன்றைச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தார். பின்னர் அதன்மேல் தொலைநோக்கியும் ஏறிற்று. நூற்றைம்பது கஜத்துக்கு அப்பாலும் குறி தவறாத கருவியாயிற்று. பழமையின் பெயரால் ஒதுக்கிய பருவத்துக்குள் புதுமை வாய்வழியாகவே நுழைந்துவிட்டது. ‘நாம் தன்னடக்கம் பூண்டோம்’ என்னும் பெருமையும் வேண்டும், அடக்கத்தின் இழப்பும் வேண்டா என்பது மனித இயல்பு. ஏகாதசியன்று பலகாரம் உண்ணும் நமக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

எனினும் அவ்விதியில் ஒரு நன்மை உண்டு. அது நேர்மை என்னும் பெயரால் சொல்லப்படுவது அன்று. ஒரே வெடிதான் என்று அறிந்தவன் காத்திருக்கக் கற்பான். காற்றை எதிர்கொண்டு அணுகுவான். மான் பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுப்பான், திரும்பாவிடில் விட்டுவிடுவான். விட்டுவிட்ட அந்த வெடியிலே இரக்கம் இருக்கிறது. ஐந்து தோட்டா உள்ளவன், முதலாவது தவறினால் இரண்டாவது உண்டு என்னும் துணிவில் ஐயமான குறியையும் சுடுவான். ஆகவே குண்டின் எண்ணிக்கை குறைதல் நன்று. குண்டின் செம்மை குறைதல் தீது. நேர்மைக்கும் இரக்கத்துக்கும் நிகழ்ந்த வழக்கு இவ்விடத்தில் ஒருவாறு தீர்கிறது. லூசியானாவின் விதி பழைய முகவாய் ஷாட்கன்னை ஏற்றுக்கொள்ளும்போதும் சிதறும் ரவையை விலக்கி, ஒற்றைக் குண்டையே அனுமதிக்கிறது. நம் 17ஆம் பிரிவு சொன்னதும் அதுவே. கடலால் பிரிந்த இரு சட்டங்கள் ஒரு குண்டில் வந்து ஒன்றுபட்டன.

எனவே அவ்விளைஞருக்கு நாம் கூறிய விடை இது: போவதென்றே துணிந்தால் ரைபிள் எடுத்துச் செல்க, ஒற்றைத் தோட்டாவினதாக இருக்கட்டும். போகுமுன் பலகையில் பன்முறை சுட்டு, எத்தனை கஜம்வரை நும் கை தவறுவதில்லை என்று அளந்துகொள்க. காட்டில் அவ்வளவுக்கு அப்பால் நிற்கும் மான் நும்முடையதன்று. புண்பட்டு ஓடியதாயின் குருதித்தடம் பற்றிச் சென்று முடிப்பது நும் கடன். இருட்டிற்று, மழை வந்தது என்று திரும்புதல் ஆகாது. கொன்றதை உண்பார்க்குக் கொடுக்க. இவ்வளவும் இயலாதெனின், அழைத்த நண்பர்களுடன் சென்று, கை வீசி நடந்து வருக. ‘போகவே வேண்டா’ என்று ஏன் கூறவில்லை என நம்முள் சைவ உணவினர் சிலர் கேட்டனர். அங்கே வெள்வால் மான்கள் பெருகிப் பயிரையும் இளமரங்களையும் அழிக்கின்றன. அவற்றை அடக்கி வைத்த ஓநாய்களை முன்னோர் கொன்றொழித்தனர். அந்நிலத்தின் கணக்கை விஜயநகரில் அமர்ந்துகொண்டு நாம் தீர்த்துவிட இயலாது.

இந்நாட்டிலோ அவ்வினாவுக்கு இடமில்லை. 1991இன் திருத்தம் உரிமப் பிரிவுகளோடு அந்த 17ஆம் பிரிவையும் நீக்கியது. வேட்டையே விலக்கப்பட்டபின் கருவிக்கு விதி எதற்கு? ஆயினும் துப்பாக்கி மறையவில்லை. நம் குடியிருப்பை ஒட்டிச் செல்லும் ஹுன்சூர் சாலையிலேயே மேற்கு நோக்கிப் போனால் குடகு வரும். குடகருக்கும் ஜம்மா நிலமுடையோர்க்கும் துப்பாக்கி உரிமம் தேவையில்லை என்னும் விலக்கு 1963இல் அறிவிக்கப்பெற்றது. 2019இல் அது 2029வரை நீட்டிக்கப்பட்டது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. நடவு முடிந்தபின் செப்டம்பர் திங்களில் அவர்கள் கைல்போல்து என்னும் ஆயுத விழாக் கொண்டாடுவர். முன்னாளில் அவ்விழாவை அடுத்து வேட்டைக்குப் புறப்படுவது வழக்கம். இன்று துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்து, குழல் வாயில் தோக்குப்பூவைச் செருகி வணங்குகின்றனர். தோக்குப்பூ என்பது வேறன்று. நம் குறிஞ்சி நிலத்துச் செங்காந்தள். பூசை முடிந்ததும் ஊர்த் திடலில் தேங்காயைத் தொலைவில் வைத்துக் குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கிறது. ஆண்களோடு பெண்களும் வரிசையில் நின்று, தம் முறை வரும்வரை குழலைத் தரை நோக்கித் தாழ்த்தியவாறே காத்திருக்கின்றனர்.